பத்தொன்பதாயிரத்து எண்ணூறு வினாடி

ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த கயல்விழி போன வாரம் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டாள். எங்கள் பழைய ரெப்போவைப் பூட்டி வைக்கப் போகிறார்களாம், அதைப் பற்றி நான் ஒரு நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். ரெப்போ என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் ஆபீஸில் இருபது வருஷமாக எழுதிய ப்ரோக்ராம் மொத்தமும் இருக்கிற இடம். ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள், என்றைக்கு எழுதினார்கள், யார் அழித்தார்கள் என்பதெல்லாம் அதிலேயே பதிவாகியிருக்கும்.

அங்கே அவளிடம் வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது தேடுவதே இல்லையாம். ஏ.ஐ. என்கிற மெஷினிடம் கேட்கிறார்களாம், அது தேடிச் சொல்லிவிடுகிறதாம். "நீங்கள்லாம் கையால எப்படித் தேடினீங்கன்னு கேக்கறாங்கண்ணே" என்றாள். கையால் தேடினோமாம். என்னவோ நாங்கள் குளத்தில் முங்கி மோதிரம் தேடின மாதிரி. எழுத மாட்டேன் போ என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் பூதலூரில் ஒண்டியாக இருக்கிற ரிட்டயர்ட் ஆள் எத்தனை தடவை மாட்டேன் என்பான்? பேசுவதற்கு ஒருத்தி கூப்பிட்டாளே என்று ரெண்டாவது நிமிஷமே சரி என்றுவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று, எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் படித்தது பி.எஸ்சி கணக்கு. தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. ஒன்றில் ஆறு மாதம் படித்தேன், இன்னொன்றில் ரெண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தேன், மெட்ராஸுக்குப் போய் எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்தச் சமயம் வெளிநாட்டில் இருந்த ஒருவர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மாடியைப் பிடித்து ஆபீஸ் திறந்தார். இங்கிலாந்தில் முதியோர் இல்லங்கள் நடத்துகிற ஒரு கம்பெனிக்கு ப்ரோக்ராம் எழுதித் தருகிற வேலை. யாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கொடுத்தார்களா இல்லையா, இதுதான் விஷயம். பத்தொன்பது பேர் சேர்ந்தோம். என் முப்பது வருஷத்தில் முக்கால்வாசி அந்த ஆபீஸில்தான் போயிற்று.

எங்களுக்கு மேலே இருந்தவர் வைத்தியநாதன் சார். திருவிடைமருதூர்க்காரர். காலையில் கிழக்கேயிருந்து வரும் பாசஞ்சரில் அவர் வருவார், பூதலூரிலிருந்து மேற்கு வண்டியில் நான் வருவேன். எந்த வண்டி லேட்டானாலும் எனக்கு முன்னால் அவர் ஆபீஸில் இருப்பார், அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. சத்தம் காட்டாமல் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஆட்காட்டி விரலை மானிட்டரில் வைத்து அழுத்தி "இது ஏன்?" என்பார். அந்த இடத்தில் ரேகை பதிந்துவிடும். நாம் பதில் சொன்னதும் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிட்டு நகர்வார். துடைக்காமல் போனால் பதில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சில பேர் மானிட்டரில் நாலைந்து ரேகை வாரக்கணக்கில் இருக்கும்.

அவர் வைத்த சட்டம் தேடல் நோட்டு. ஜன்னல் ஓரத்து மேஜையில் ஒரு நீள நோட்டு, பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ரெப்போவில் எதைத் தேடினாலும் அதில் எழுத வேண்டும். என்ன தேடினோம், எந்தெந்த இடத்தில் தேடினோம், எத்தனை கிடைத்தது, எந்த இடத்தைத் தேடாமல் விட்டோம். கடைசிப் பத்திதான் அவருக்கு முக்கியம். கிடைத்ததைத் திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே எண்ணிக்கையை எழுதிவிட வேண்டும் என்பார், பார்த்துவிட்டால் மனசு தனக்கு வேண்டியதை மட்டும் எண்ண ஆரம்பித்துவிடுமாம். புதிதாக வந்த ஒரு பையன் "தேடிட்டேன், இல்ல சார்" என்று சொல்லிவிட்டான். சார் அவன் பின்னால் வெகுநேரம் நின்றார். "இல்லைன்னு சொல்லாதீங்க. எங்கெங்க தேடி இல்லைன்னு சொல்லுங்க" என்றார். அந்த வாக்கியத்தை நாங்கள் அவர் இல்லாதபோது அவர் குரலிலேயே சொல்லிச் சிரிப்போம்.

தேடுகிற கட்டளையின் பெயர் கிரெப். ஒரு வார்த்தையை அப்படியே போட்டுத் தேடுவது யாரும் செய்வார்கள். எழுதியவர் அதை எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று யோசித்து, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு அச்சு செய்து போடுவதுதான் வேலை. எங்களோடு பாஸ்கர் என்று ஒருவன் இருந்தான், ப்ரோக்ராமில் வைக்கிற எந்த இங்கிலீஷ் பெயரிலும் உயிரெழுத்தை எழுதமாட்டான், கேட்டால் விரல் வலிக்கிறது என்பான். அவன் எழுதியதைத் தேட வேண்டுமென்றால் முதலில் அவனை மாதிரி சோம்பேறியாக வேண்டும். ப்ரோக்ராம் தெரிந்தால் மட்டும் போதாது, ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். இதை அந்த மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று கயலைக் கேட்க வேண்டும்.

பாஸ்கர் அமெரிக்கா போனான். அதற்கப்புறம் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பெங்களூர், சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு கேக், ஒரு பேனா, ஒரு க்ரூப் ஃபோட்டோ. ஃபோட்டோவில் ஆள் குறைந்துகொண்டே வரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேலை இல்லாத நேரத்தில் நான் ரெப்போவில் அவர்கள் பேர்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுவேன். எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரும் தான் திருத்திய இடத்தில் பேரும் ஒரு வரிக் குறிப்பும் எழுதி வைப்பார்கள். "கரண்ட் போய் வந்த பிறகு எழுதியது, தப்பிருந்தால் மன்னிக்க" என்று பாஸ்கர் எழுதியிருப்பான். படித்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இதையெல்லாம் தேடல் நோட்டில் எழுதினதில்லை.

இனி மெர்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெர்சி என் மனைவி, நர்ஸ். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு பேருமே போகலாம், நர்ஸின் புருஷன் என்று எனக்கும் விசா கொடுப்பார்கள். நான்தான் மாட்டேன் என்றேன். அவள் டியூட்டிக்குப் போக, நான் வீட்டில் சோறு ஆக்கி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? போனால் வேலையோடுதான் போவேன், ஆபீஸில் அங்கே ஆள் அனுப்புவார்கள், ரெண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று வீறாப்பாகப் பேசினேன். அம்மா இருந்தவரை அம்மா ஒரு சாக்கு. அம்மா போன பிறகு சாக்கும் இல்லை, வீறாப்பு மட்டும் அப்படியே இருந்தது. வறட்டுக் கௌரவம் என்பார்களே, அது ஒரு ஆளாக நடந்து வந்தால் என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு ஜனவரி மாதம் அவள் கிளம்பினாள். திருச்சி ஏர்போர்ட்டில் காலையில் விட்டுவிட்டு, கொழும்பு விமானம் மேலே ஏறுகிறவரை வெளியில் நின்றேன். லீவு சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் பிடித்து நேரே ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்து, பாதியில் கிடந்த ஒரு வேலையை முடித்தேன். என்ன வேலை என்பதுகூட ரொம்ப நாள் எனக்கு நினைவில் இல்லை.

அதற்கப்புறம் என் தலைக்குள் ரெண்டு கடிகாரம் ஓடியது. இங்கே மணி பார்த்தால் உடனே ஐந்தரை மணி நேரம் கழித்துக்கொள்வேன். இப்போது எழுந்திருப்பாள், இப்போது பஸ்ஸுக்கு நிற்பாள். மார்ச் கடைசியில் ஒருநாள் ஃபோனில், இங்கே கடிகாரத்தை எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள், இனிமேல் அக்டோபர் கடைசி வரைக்கும் நாலரை மணி நேரம்தான் என்றாள். ஊரே சேர்ந்து கடிகாரத்தைத் திருகுமா, இது என்ன கூத்து என்று சிரித்தேன். ஃபோன் பண்ணுகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

ரெண்டு வருஷம் என்றது ஏழு வருஷமாயிற்று. அதற்குள் ஆபீஸ் வேறு கட்டிடத்துக்கு மாறியது. பழைய ரெப்போ இருந்த கம்ப்யூட்டரை எடைக்குப் போடச் சொன்னார்கள். நான் யாருக்கும் தெரியாமல் அதைச் சாக்கில் கட்டிப் பூதலூருக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். எதற்கு அந்தக் குப்பை என்று மெர்சி ஃபோனில் கேட்டாள். சும்மாதான் என்றேன். போனவர்கள் பேரெல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த மாற்றத்தின்போதுதான் புது ரெப்போ வந்தது, இப்போது பூட்டப்போவது அதைத்தான். எல்லாவற்றையும் புதிதற்கு மாற்றிய பெண்தான் கயல்விழி. நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண், அப்பா படகில் போகிறவர். எதைக் கொடுத்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். பழைய சரித்திரத்தையும் சேர்த்துக் கொண்டுவர நேரமில்லை, கடைசி நிலையை மட்டும் ஏற்று, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று சார் சொன்னார். அப்புறம் யார் பார்த்தார்கள்? ஒரே நாளில் ஏற்றினதால் அத்தனை பேர் எழுதிய வரிகளுக்கும் பக்கத்தில் அவள் பேரும் அந்த ஒரு தேதியும்தான் நின்றது.

அடுத்த வருஷம் இங்கிலாந்துக் கம்பெனி, தங்கள் ஆபீஸில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டது. மெர்சி இருந்த அதே ஊர். சார் ரெண்டு பேரை எழுதினார், முதலில் கயல், அடுத்து நான். அவர்கள் கயலையே போதும் என்றார்கள். அவள் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவள். குப்பமே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். எனக்கு உள்ளே எரிந்தது. வாயெல்லாம் பல்லாக நின்று வாழ்த்துச் சொன்னேன்.

மார்ச் கடைசியில் அது நடந்தது. அங்கே ஒரு இல்லத்தில் ஒரு பெரியவருக்குக் காலை எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ப்ரோக்ராம் அதை ஏழு மணிக்குக் கொடுத்ததாகப் பதிந்துவிட்டது. எட்டு மணி வேளை காலியாகத் தெரிந்ததால், டியூட்டி மாறி வந்த நர்ஸ் இன்னொரு மாத்திரையைக் கொடுத்துவிட்டார். பெரியவர் மயங்கி விழுந்தார். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துக்கொண்டார். பிழைத்தார் என்ற செய்தி வருகிறவரை எங்கள் ஆபீஸில் யாரும் டீ குடிக்கவில்லை.

ஒரு மணி நேர வித்தியாசம் என்றதும் காரணம் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் பதிவது இந்திய நேரம், அதிலிருந்து கழித்துத்தான் அந்த ஊர் மணியைக் காட்டும். எவரோ எங்கேயோ இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் எப்போதும் ஐந்தரை மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தைத் திருகாத ஊரில் பிறந்தவர்கள் மட்டுமே செய்கிற தப்பு இது. வெள்ளைக்காரனுக்குக் கனவில்கூட வராது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். 5.5 என்று தேடினார்கள், 5:30 என்று தேடினார்கள், நிமிஷக் கணக்கில் 330 என்று தேடி ஆயிரத்துச் சொச்சம் கிடைத்து, அத்தனையும் படத்தின் அகலமும் அறை எண்ணுமாக இருந்தது. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினோம்.

நான் 19800 என்று அடித்தேன். ஐந்தரை மணி நேரத்தை வினாடியாக்கினால் அவ்வளவு. இதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை, கை தானாக அடித்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று என்று வந்தது. நோட்டில் எழுதிவிட்டுத் திறந்தேன். மாதக் கடைசியில் எடுக்கிற சுருக்கப் பட்டியலுக்காக எழுதப்பட்ட ப்ரோக்ராம் துண்டு. அதில் மணி முக்கியமில்லாததால் தப்பு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தத் துண்டைத்தான் இந்த வருஷம் கயல் தினசரி மாத்திரைத் தாளோடு இணைத்திருந்தாள். வரிக்குப் பக்கத்தில் அவள் பேர்.

சார் பின்னால் வந்து நின்றார். விரலை அவள் பேர் மேல் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை, துடைக்கவும் இல்லை.

இது நான் ஏற்றியது, எழுதியது இல்லை என்று கயல் சொல்லிப் பார்த்தாள். அப்படியென்றால் யார் எழுதியது என்று காட்ட வேண்டும், காட்டப் பழைய ரெப்போ இருந்த மெஷின் இல்லை, திங்கட்கிழமை அவர்களுக்குப் பேர் சொல்லியாக வேண்டும் என்றார் சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கயல் போக முடியாது, அடுத்த பேர் உங்களுடையது, பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள் என்று சொன்னார்.

பழைய மெஷின் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரிங்க சார் என்றேன். வீட்டுக்குப் போய் மெர்சியைக் கூப்பிட்டு, வந்துவிடுவேன் போலிருக்கிறது என்றேன். அவள் ஃபோனிலேயே அழுதுவிட்டாள். ஏழு வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். கிளம்புகிற நேரத்தில் கயல் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் கையில் இருந்தது. வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லையாம். அவள் அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

"அண்ணே, அந்த வரியை எழுதின ஞாபகமே எனக்கு இல்ல. ஆனா என் பேர் போட்டிருக்கே" என்றாள். "ஒருவேளை நான்தான் எழுதியிருப்பேனோ?"

செய்யாத ஒன்றைச் செய்திருப்போமோ என்று ஒரு பெண் தன்னையே சந்தேகப்படுகிறாள், நான் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரைக்கும் கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழையதில் பார்த்தால் பாஸ்கரோ வேறு யாரோ இருப்பார்கள், அமெரிக்காவில் இருக்கிறவனை யார் என்ன செய்ய முடியும், கயலும் தப்பித்துவிடுவாள், எனக்கும் ஒன்றுமில்லை.

மெஷினைத் தூசி தட்டி மாட்டினேன். ஓடிற்று. பழைய ரெப்போவில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் அதன் பழைய வரிகளெல்லாம் எழுத்தாகவே கிடக்கும், நேரே கிரெப் போடலாம். 19800 போட்டேன். பூஜ்யம். அப்பாடா என்று எழுந்துவிட்டேன். அங்கேயும் இல்லையென்றால் இதற்குமேல் நான் என்ன செய்ய? ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். சார் குரல் காதில் வந்து நின்றது. எங்கெங்க தேடி இல்லைன்னு சொல்லுங்க.

நீக்கிய ஃபைல்களையும் பேர் மாற்றிய ஃபைல்களையும் அந்தப் பழைய முறை தூக்கி எறியாது. தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கும், நாங்கள் அதைப் பரண் என்போம். அங்கே நான் தேடவில்லை. மறுபடி உட்கார்ந்து பரணில் போட்டேன். ஒன்று. கயல் புதிதற்கு ஏற்றும்போது பேர் மாற்றின ஃபைல், பழைய பேரில் இங்கே விழுந்திருக்கிறது. வரிக்கு வரி யார் எழுதினார்கள் என்று காட்டச் சொன்னேன். என் பேர். தேதி, மெர்சி கிளம்பிய தேதி.

அந்த மத்தியானம் முழுசாகத் திரும்பி வந்தது. விமானம் இப்போது எங்கே இருக்கும், இறங்கும்போது அங்கே மணி என்ன என்று ஒரு தாளில் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டே அந்த ப்ரோக்ராமை எழுதினேன். அவளுக்காகக் கழித்த ஐந்தரை மணி நேரத்தை அப்படியே வினாடியாக்கி அதில் எழுதிவிட்டேன். ரெண்டு மாதம் கழித்து அவளே கடிகாரம் மாறுகிறது என்று சொன்னபோது ஃபோன் பண்ணுகிற நேரத்தை மாற்றினேன், எழுதிய வரியை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மெர்சியைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், நேற்றுப் போய்ப் பெரிய கட்டிலாக ஒன்று வாங்கிவிட்டேன், ஜன்னல் பக்கம் உங்களுக்கு என்று சொன்னாள். இவ்வளவு நாள் ஒற்றைக் கட்டிலில்தான் படுத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டாவது மாத்திரை குடுத்த நர்ஸ் என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். நாங்கள் ஒருத்தரும் அதைக் கேட்கவே இல்லை.

"மெஷின் விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்தான்."

அப்புறம் சொன்னாள். "நீங்க சொல்லாம இருந்தா எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போய்ச் சொல்லுங்க." இன்னொன்றும் சொன்னாள். "வேலை இல்லாட்டியும் வாங்கன்னு ஏழு வருஷமா கூப்பிடறேன்." ஃபோனை வைத்துவிட்டு மெஷினைச் சாக்கில் கட்டினேன்.

திங்கட்கிழமை அந்த மெஷினைச் சாக்கோடு மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். ஆபீஸில் மாட்டி, பரணைத் திறந்து, சாரைக் கூப்பிட்டேன். நோட்டைப் புரட்டி வெள்ளிக்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். தேடாமல் விட்ட இடம் என்ற பத்தியில் பழைய மெஷின் என்று யாருமே எழுதியிருக்கவில்லை, சாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சார் அதைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். விரலை என் பேர் மேல் வைத்தார்.

"இது ஏன்?"

"அன்னிக்குத்தான் சார் மெர்சி ஊருக்குப் போனா."

கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வரியைத் திருத்தி ஏற்றும்போது குறிப்பில் எழுதினேன். இதை முதலில் எழுதியவன் நான், கயல்விழி இல்லை, ஏற்றியது மட்டும்தான் அவள் என்று என் பேரோடு போட்டேன். அது இன்னும் ரெப்போவில் கிடக்கும். பூட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை 19800 போட்டுத் தேடச் சொல் கயல். இப்போதைய ப்ரோக்ராமில் வராது, சரித்திரத்தில் தேடச் சொல்.

சரிபார்க்காமல் இணைத்ததற்குக் கயல் திட்டு வாங்கினாள், அதோடு போயிற்று. நான் மூன்று மாதம் எதை எழுதினாலும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும், வெளிநாட்டுப் பட்டியலில் இனி என் பேர் கிடையாது என்று ஆயிற்று. அந்த நர்ஸைப் பற்றி விசாரிக்கும்படி சாரிடம் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பியிருந்தார்களாம். எங்கள் கடிதம் போன பிறகு திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மெர்சியிடம் போனேனா என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். ரெண்டு தடவை போனேன், பார்க்கப் போகிறவனாக. அவள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு கிறிஸ்மஸுக்கு வருவாள், வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வருவோம், பத்து நாளில் பெட்டியைக் கட்டுவாள். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. நான் வேலையோடுதான் வருவேன் என்று சொன்னவன், வேலையும் போய் ரிட்டயரும் ஆகிவிட்டேன். இன்னும் அவள் கூப்பிடுகிறாள். இன்னும் நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறேன். எழுதிய தப்பை ஒரே நாளில் திருத்திவிட்டேன், இதைத் திருத்த எனக்கு வரவில்லை.

கயல் கிளம்பியது ஜூன் மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போன வாரம். அவள் அம்மா நெத்திலிக் கருவாட்டை ஏழு கவர் போட்டுக் கட்டிக் கொடுத்தார், மெர்சிக்கும் சேர்த்து. நான் மோர்மிளகாய் ஒரு டப்பா கொடுத்தேன். அங்கே வீடு கிடைக்கிற வரைக்கும் ஒரு வாரம் மெர்சியோடு தங்கிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. ரெண்டாவது பேர் என்னுடையது என்பது கயலுக்குத் தெரியாது. சார் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, மெர்சியும் இத்தனை வருஷம் சொல்லவில்லை. கயல், இதைப் படிக்கும்போதுதான் நீ தெரிந்துகொள்கிறாய்.

அவள் போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம் மெர்சி கூப்பிட்டாள். ஆறரை மணி இருக்கும், வாய்க்காலில் அந்த வருஷம் இன்னும் தண்ணீர் வரவில்லை, நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"பொண்ணு வந்துட்டா. நல்ல பொண்ணு. பாவம், குளுருல நடுங்கிட்டே வந்தா. ரசம் வெச்சுக் குடுத்தேன், சாப்பிட்டுட்டுத் தூங்குறா" என்றாள்.

சரி என்றேன்.

"ஜன்னல் பக்கம்தான் படுத்திருக்கா" என்றாள்.

ஃபோனை வைத்த பிறகு மணி பார்த்தேன். நாலரை மணி நேரம் கழித்தேன். அங்கே மத்தியானம் ரெண்டு மணி. இந்தத் தடவை சரியாகத்தான் கழித்திருந்தேன்.